பட்டியலில் இல்லாத பெயர்: நான்காம் டிவிஷனிலிருந்து இந்திய அணி வரை

2017-18 பருவத்தில் சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் ஜூபிளி கிரிக்கெட் கிளப்புக்கு ஆடிய ஒரு சுழற்பந்து வீச்சாளர் 7 ஆட்டங்களில் 31 விக்கெட் எடுத்தார். ஓவருக்கு அவர் விட்டுக்கொடுத்தது மூன்று ரன்னுக்குக் கொஞ்சம் மேலே. அப்போது அவருக்கு வயது 26. பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பராக இருந்தவர். வயதுவாரி அணிகளின் தேர்வுக்குப் போய்ப் பலமுறை பெயர் வராமல் திரும்பியவர். கிரிக்கெட்டே வேண்டாமென்று எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டு கட்டடக்கலை படித்து, அந்த வேலையிலும் இறங்கிவிட்டவர். மறுபடி பந்தைக் கையில் எடுத்த பிறகு நடந்ததெல்லாம் நாடறிந்த கதை. 2018 டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபி. அதே ஆண்டு செப்டம்பரில் உலக டி20 பந்துவீச்சாளர் தரவரிசையில் முதலிடம்.

வருண் சக்கரவர்த்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அதிர்ஷ்டக்காரர்" என்ற சொல் காதில் விழுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. அவர் ஏறியது நம் ஊரிலேயே இருக்கும் ஒரு படிக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி மைதானத்தையோ தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தையோ கடந்து போகிறவர்கள்கூட அந்தப் படிக்கட்டைச் சரியாகக் கவனித்ததில்லை. அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் எந்தப் படி யாருக்குத் திறக்கும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வரலாம். வாய்ப்புக் கிடைக்காத பந்துவீச்சாளர் அடியிலிருந்து ஏறிவருவது என்றால் என்ன என்பதற்கு அங்கே தெளிவான ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கே பேஸ்பால் உச்ச லீக்கில் 30 அணிகள். 1965 முதல் ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' நடக்கிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பிள்ளைகளை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். 2019 வரை 40 சுற்று எடுத்தார்கள். 2021 முதல் 20 சுற்றுதான். இத்தனை சுற்றிலும் பெயர் வராத ஒருவர் பந்தை விடாமல் இருந்து, ஏதோ ஓர் அணி சொற்பத் தொகைக்குச் சேர்த்துக்கொண்டால், அவர் மைனர் லீக்கின் அடிமட்டத்துக்குப் போவார். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். இந்த எல்லாப் படியிலும் ஆடும் குட்டி அணிகளுக்கு ஒரு தாய் அணி உண்டு. யாரை மேலே அனுப்புவது, யாரைக் கீழே இறக்குவது என்று முடிவு செய்வது அந்தத் தாய் அணி.

டான் குவிசன்பெர்ரி அப்படி ஏறியவர். எந்தச் சுற்றிலும் பெயர் வராத அவரை 1975இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் சேர்த்துக்கொண்டது. நான்கு ஆண்டு மைனர் லீக்கில் கிடந்து 1979இல் மேலே வந்தார். வேகம் கிடையாது. அடுத்த ஆண்டு, கை கிட்டத்தட்ட தரையை உரசுவதுபோல் கீழிருந்து வீசும் முறைக்கு முழுக்க மாறினார். பிறகு, கடைசிக் கட்டத்தில் வந்து அணியின் வெற்றியைக் காப்பாற்றுவதற்குக் கிடைக்கும் 'சேவ்' கணக்கில் ஐந்து முறை அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்தார். எல்லோரும் பழகிய கோணத்தில் வராத பந்து, பிந்தி வந்த ஆளையும் மேலே தூக்கிவிடும். வருணின் கதையிலும் இதைப் பார்க்கலாம்.

இந்தியாவிலிருந்தும் அந்தப் படிக்கட்டில் கால் வைத்தவர்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்துகொண்டிருந்த பையன்கள். வேகமாகவும் குறிபார்த்தும் பந்து எறிபவரைத் தேடி இங்கே நடத்தப்பட்ட போட்டியில் முன்னுக்கு வந்து, 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். தினேஷ் சீக்கிரமே திரும்பிவிட்டார். ரிங்கு பல ஆண்டுகள் போராடினார். முழங்கை அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். டபுள்-ஏ படியை எட்ட முடியவில்லை. அவர்கள் கதை 2014இல் ஹாலிவுட் படமாக வந்தபோது அதற்கு இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரஹ்மான்.

இனி சென்னைக்கு வருவோம்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக்கில் முதல் டிவிஷன் உச்சியில் இருக்கிறது. ஜாலி ரோவர்ஸ், விஜய் சி.சி. போன்ற பெரிய பெயர்கள் அங்கே பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்காக மோதும். நிறுவனங்களின் ஆதரவு, வெளி மாநில வீரர்கள், பல நாள் ஆட்டம் எல்லாம் அங்கேதான். அதற்குக் கீழே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று டிவிஷன்கள் இறங்கிக்கொண்டே போகும். கீழ் டிவிஷன்களில் ஒரே நாளில் முடியும் ஆட்டம். ஆடுகிறவர்களில் கல்லூரிப் பையன்கள் உண்டு, வங்கி ஊழியர் உண்டு, ஒருகாலத்தில் மேல் டிவிஷன் ஆடிவிட்டுக் கிளப்பை விட மனமில்லாமல் இருக்கும் நாற்பது வயதுக்காரரும் உண்டு.

அமெரிக்க ஏற்பாட்டோடு இதற்குள்ள பெரிய வித்தியாசம் ஒன்று. இங்கே தாய் அணி கிடையாது. ஒவ்வொரு கிளப்பும் தனி. நன்றாக ஆடினால் கிளப்பே ஒரு டிவிஷன் மேலே போகும். சொதப்பினால் கீழே இறங்கும். ஆட்டக்காரர் தனியாக மேலேற வேண்டுமென்றால், மேல் டிவிஷன் கிளப் ஒன்றின் கண்ணில் பட்டு அடுத்த பருவத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும். உன்னை வளர்க்க வேண்டியது என் பொறுப்பு என்று சொல்ல மேலே யாரும் இல்லாததால், ஆட்டக்காரர் கையில் இருக்கும் ஒரே சாட்சி ஸ்கோர் புத்தகம்தான்.

அந்தப் புத்தகத்தை ஒருமுறை கிட்டத்தில் பார்க்க வேண்டும். பந்துவீச்சாளர் பெயருக்கு எதிரே ஓவருக்கு ஒரு சிறு கட்டம். ரன் போகாத பந்துக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு ஒரு 'டபிள்யூ'. ஆறும் புள்ளியாக இருந்தால் ஸ்கோரர் அவற்றை இணைத்து 'எம்' போடுவார், அது மெய்டன். நான்காம் டிவிஷன் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது, கேமரா கிடையாது. மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஸ்கோரரின் பேனாதான் அங்கே நடந்ததற்கு ஆவணம். 31 விக்கெட் என்று இன்று நாம் சொல்ல முடிவதற்கு அந்தப் பேனா காரணம். தெருவில் எத்தனை விக்கெட் எடுத்தாலும் இந்த மதிப்பு வராது.

வருண் பிறந்தது 1991இல், கர்நாடகத்தின் பீதரில். படித்தது அடையாறில்: சி.எல்.ஆர்.ஐ. வளாகத்துக் கேந்திரிய வித்யாலயா, பிறகு செயின்ட் பேட்ரிக்ஸ். நம் ஊரில் 14, 16, 19 வயதுக்குட்பட்டோர் தேர்வுகள்தான் அமெரிக்க டிராஃப்டின் இடத்தில் இருக்கின்றன. 17 வயதோடு அந்தக் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. கிரிக்கெட்டை மையமாக வைத்து 2014இல் வந்த 'ஜீவா' படத்தில் ஒரு சின்ன வேடத்தில் ஆட்டக்காரராகத் தலைகாட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. மாநில அணிக்குத் தேர்வாகும் அரசியலைப் பேசிய படம் அது.

மறுபடி ஆட வந்தபோது குரோம்பெஸ்ட் கிளப்பில் மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் சேர்ந்தார். முழங்காலில் அடிபட்டது. ஓடிவந்து வீச முடியாத நிலையில்தான் சுழலுக்கு மாறினார். அதுவும் யாரோ பாடம் சொல்லித்தந்த சுழல் அல்ல. டென்னிஸ் பந்தில் விரலை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்துப் பழகியது. சென்னைத் தெருக்களுக்கு இதில் பழைய உரிமை உண்டு. மேற்கு மாம்பலத்து அஸ்வினும் 'சொடுக்கு' பந்தை டென்னிஸ் பந்து ஆட்டத்தில்தான் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். பந்தைக் கட்டைவிரலுக்கும் மடங்கிய நடுவிரலுக்கும் இடையில் இடுக்கி, கேரம் காயைச் சுண்டுவதுபோல் நடுவிரலால் சுண்டிவிடுவது அது. டென்னிஸ் பந்து லேசானது, மேலே ரோமம் இருப்பதால் பிடியும் கிடைக்கும். விரல் அதில் துணிந்து வித்தை காட்டும். ஐந்தரை அவுன்ஸ் தோல் பந்தில் அதே வித்தையைச் செய்யக் கைக்குத் தனி வலு வேண்டும். இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இதை வைத்து இந்தியாவுக்கு எதிராக 13 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தது பலருக்கு நினைவிருக்கும்.

நான்காம் டிவிஷனுக்கும் தமிழ்நாடு அணிக்கும் இடையில் முன்பெல்லாம் பெரிய பள்ளம். மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏறி முடிக்க ஐந்தாறு ஆண்டு ஆகிவிடும். 26 வயதில் தொடங்குகிறவருக்கு அந்த அவகாசம் இல்லை. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) என்ற டி20 போட்டி இந்தப் பள்ளத்தின் குறுக்கே ஒரு பாலம் போட்டது. எட்டு அணிகள். வெளி மாநில ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்தே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேண்டும். மாநில அணியில் இருப்பவர்கள் இருபது பேர் என்றால், மீதி ஆளுக்கு எங்கே போவது? கீழ் டிவிஷன் ஸ்கோர் புத்தகங்களைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஆட்டங்கள் தொலைக்காட்சியிலும் வருவதால் ஐபிஎல் அணிகளின் ஆள்தேடிகளும் பார்ப்பார்கள். வருண் 2018இல் சீகெம் மதுரை பாந்தர்ஸுக்கு வீசிய 240 பந்துகளில் 125 பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. அந்த ஆண்டுக் கோப்பை மதுரைக்கு. செப்டம்பரில் தமிழ்நாட்டுக்காக விஜய் ஹசாரே கோப்பை: 9 ஆட்டம், 22 விக்கெட். டிசம்பரில் 20 லட்சம் அடிப்படை விலையோடு ஏலத்துக்கு வந்தவரைக் கிங்ஸ் லெவன் பஞ்சாப் 42 மடங்கு கொடுத்து எடுத்தது.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் இதே படிக்கட்டில் ஏறியவர். டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசிக்கொண்டிருந்தவரை ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அனுப்பினார். 2010-11இல் பி.எஸ்.என்.எல். அணிக்காக நான்காம் டிவிஷன், பிறகு விஜய் சி.சி., ஜாலி ரோவர்ஸ், 2015 ஜனவரியில் ரஞ்சி. வீச்சு முறை விதிக்குட்பட்டதா என்ற சந்தேகம் எழுந்து முதல் ஆட்டத்தோடு நின்றுபோனது. முறையைச் சீர்செய்துகொண்டு டி.என்.பி.எல். வழியாகத் திரும்பினார். தன் சட்டையின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று வழிகாட்டியின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு ஆடினார். 2020இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கான டி20 அணியில் இருந்த வருணுக்குத் தோள்பட்டையில் காயம் என்றதும் அவர் இடத்துக்கு வந்தவர் நடராஜன். அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். நான்காம் டிவிஷன் ஆடிய ஒருவருக்குப் பதிலாக நான்காம் டிவிஷன் ஆடிய இன்னொருவர் இந்திய அணிக்குப் போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் நிறைகிறது.

ஏறியவர் கீழே விழுவதும் இந்தக் கதையில் உண்டு. 2019 மார்ச் 27, ஈடன் கார்டன்ஸ். வருணின் முதல் ஐபிஎல் ஓவர். கொல்கத்தாவின் சுனில் நரைன் அடித்த அடியில் அந்த ஓவரில் மட்டும் 25 ரன். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தது அந்த ஓர் ஆட்டம்தான். காயமும் சேர்ந்துகொள்ள, பஞ்சாப் விடுவித்துவிட்டது. அடுத்த ஏலத்தில் 4 கோடிக்கு எடுத்தது, அவரை அடித்து நொறுக்கிய அதே கொல்கத்தா. 2020இல் 17 விக்கெட். 2021 ஜூலையில் கொழும்பில் இந்தியாவுக்காக முதல் டி20. அதே ஆண்டு டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடி ஒரு விக்கெட்டும் இல்லாமல் திரும்பினார். அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டு அணியில் இடமில்லை. தனக்கு மிரட்டல் அழைப்புகள்கூட வந்தன என்று பின்னாளில் பேட்டியில் சொன்னார். ஓர் ஆட்டத்தில் தோற்றதற்காக ஒருவரை இப்படி விரட்டியது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

அந்த மூன்று ஆண்டில் அவர் செய்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தன் பந்தையே மாற்றிக்கொண்டார்.

அதுவரை அவர் வீசியது பெரும்பாலும் பக்கச் சுழல். பந்து பம்பரம்போல் பக்கவாட்டில் சுழன்றபடி வரும். தரையில் பட்டுத் திரும்பும், ஆனால் காற்றில் வரும்போது எங்கே விழும் என்று மட்டையாளர் கணித்துவிடலாம். அவர் மாறியது மேற்சுழலுக்கு. இதில் பந்து வண்டிச் சக்கரம்போல் முன்னோக்கி உருண்டபடி பறக்கும். அப்படி உருளும் பந்தின் மேற்புறத்தில் காற்றழுத்தம் கூடும், அடிப்புறத்தில் குறையும். அதனால் காற்றே அதைக் கீழே அழுத்தும். மேக்னஸ் விளைவு என்று இயற்பியலில் படித்தது இதுதான். அரை கெஜம் முன்னாலேயே பந்து சட்டென்று இறங்கிவிடும்; தரையில் பட்டதும் எதிர்பார்த்ததைவிட உயரமாக எழும். மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் இது நடக்கும்போது, மட்டையை வீசத் தொடங்கியவருக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடையாது. பேஸ்பாலில் 'கர்வ்பால்' என்று பெயர்பெற்ற பந்து இறங்குவதும் இதே முன்சுழலால்தான். அங்கே பந்து தரையில் படுவதில்லை என்பதால் காற்றில் நடக்கும் வித்தையோடு கதை முடிந்துவிடும். நம் ஆட்டத்தில் பிட்ச் என்ற இன்னொரு கட்டமும் பாக்கியிருக்கிறது.

சொல்வதற்கு இரண்டு வரி. கைக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆனதாக அவரே சொன்னார். பந்தை விடும்போது மணிக்கட்டு இருக்கும் கோணம் மாற வேண்டும். அது மாறினால் பழைய அளவும் திசையும் தப்பும். கூக்ளி, லெக் பிரேக் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும். இதை இந்திய அணியில் வைத்துச் சோதிக்க முடியாது. உள்ளூர் ஆட்டங்களிலும் டி.என்.பி.எல்லிலும்தான் சோதித்தார். 2024இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். அஸ்வினோடு ஆடியது தன் நம்பிக்கையைக் கூட்டியது என்றும் சொன்னார். அமெரிக்காவில் உச்ச லீக்கில் தடுமாறும் பந்துவீச்சாளரை டிரிபிள்-ஏவுக்கு அனுப்புவார்கள்; புதிய பந்து ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்புவார். ஆள் தேடுவதற்கு மட்டுமல்ல, இப்படி மறுபடி உருவாவதற்கும் கீழ்மட்ட லீக் வேண்டும்.

2024 அக்டோபரில் குவாலியரில் வங்கதேசத்துக்கு எதிராகத் திரும்பி வந்தவர் 3 விக்கெட் எடுத்தார். நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் நான்கு ஆட்டங்களில் 12. 2025 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஐந்து ஆட்டங்களில் 14. தொடர் நாயகன் விருது. பிப்ரவரி 9ஆம் தேதி கட்டாக்கில் 33 வயதில் முதல் ஒருநாள் ஆட்டம். அதைவிட அதிக வயதில் இந்தியாவுக்கு ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகமானவர் ஃபரூக் எஞ்சினியர் ஒருவரே. சாம்பியன்ஸ் டிராபிக்கான முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஜெய்ஸ்வாலை எடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் சேர்த்தார்கள். துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட்டுக்கு வீசிய முதல் பந்திலேயே அவரை வெளியேற்றினார்.

சென்னையில் இந்தியர்களுக்கான கிளப் வந்ததற்குப் பின்னாலும் ஒரு சாத்தப்பட்ட கதவு இருந்தது. மயிலாப்பூர் லஸ்ஸில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு, சேப்பாக்கம் மைதானத்தில் வெள்ளையர்கள் பெவிலியனில் சாப்பிட, இந்தியர்கள் மரத்தடியில் உட்கார வேண்டியிருந்ததைப் பொறுக்காமல் 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பையன்களுக்கு மட்டையும் பந்தும் வாங்கித்தந்து ஆடக் கற்றுக்கொடுத்தார். அழைக்கப்படாதவர்களுக்காகத் தொடங்கிய கிளப்புகளின் ஊர் இது என்பதால், நான்காம் டிவிஷனை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கீழ் டிவிஷனில் ஆடும் பெரும்பாலோருக்கு அதற்கு மேல் எதுவும் வராது. வேலைக்குப் போய்க்கொண்டே, கைக்காசு செலவழித்து, வார இறுதியில் ஆடி முடித்துவிடுவார்கள். 19 வயதுக்குட்பட்டோர் தேர்வில் விடுபட்ட மகனையோ மகளையோ வைத்துக்கொண்டு கவலைப்படும் பெற்றோருக்கு, எல்லோரும் வருண் ஆகிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வயதுவாரித் தேர்வோடு வழி முடிந்துவிடுவதில்லை. ஒரு கிளப்பில் பதிவு செய்து ஸ்கோர் புத்தகத்தில் பெயர் ஏறும்வரை எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. டி.என்.பி.எல். போட்ட பாலம் பல நாள் ஆட்டமான ரஞ்சியைச் சுற்றிக்கொண்டு போகிறது. வருண் ஆடிய ரஞ்சி ஆட்டம் ஒன்றே ஒன்று, 2018 நவம்பரில். தன் பந்துவீச்சு டெஸ்டுக்குப் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வேகமாக வீசும் அந்த முறையில் ஒரே மூச்சில் இருபது முப்பது ஓவர் வீச உடம்பு இடம் கொடுக்காது. இன்று நெட்டில் வீசும் பையன்களில் பலர் நான்கு ஓவருக்கான பந்தைத்தான் பழகுகிறார்கள். நாள் முழுக்க வீசும் சுழலுக்கும் இதே ஊரில் ஆள் இருக்கிறார்: தமிழ்நாடு அணித் தலைவராக ஆடிய சாய் கிஷோர் 2023-24 ரஞ்சிப் பருவத்தில் 53 விக்கெட் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் நின்றார். அந்த மாதிரி ஆளை உருவாக்குவது முதல் டிவிஷனின் பல நாள் ஆட்டம். அதற்கும் மைதானத்தில் கூட்டம் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் இருக்கும் கெம்பிளாஸ்ட் மைதானத்தில் அப்படி ஓர் ஆட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டால், இரண்டாம் நாள் பிற்பகலில் போய்ப் பாருங்கள். பிட்ச் தேயத் தொடங்கும் நேரம் அது.